கஞ்சி எந்தக் குழாயில் போகிறது? ஊட்டும் குழாய் இணைப்புக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வார்டில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், இப்போது வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் வேலை. என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி மூக்குக் குழாயைப் பற்றித்தான். "சிஸ்டர், கஞ்சி இறங்க மாட்டேங்குது." "சிரிஞ்ச் மாட்டுற இடத்துல ஒழுகுது." "டியூப்புக்கு ரெண்டு வாய் இருக்கே, எதுல ஊத்தணும்?" இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதிலை எழுதியே வைத்துவிட்டேன்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் கடைசியில். எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதும் அங்கங்கே இருக்கும். முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## "தப்பான குழாயில் போட்டுவிட்டேனோ?"

ஊட்டத் தொடங்கியதுமே குளிர் நடுக்கம், மூச்சிறைப்பு, நெஞ்சுப் படபடப்பு, முகம் வெளிறுவது ஏதாவது வந்தாலோ, கையில் உள்ள சிரிஞ்ச் டிரிப் ஏறும் ஊசியில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாலோ, காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

தள்ளுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். டிரிப்பும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை மூடுங்கள். சிரிஞ்சை மட்டும் கழற்றுங்கள். கையில் குத்தியிருக்கும் ஊசியைப் பிடுங்க வேண்டாம்; உள்ளே போனதில் கொஞ்சத்தையாவது அதே வழியாக உறிஞ்சி எடுக்க டாக்டர் முயலலாம். தண்ணீரோ சலைனோ விட்டுக் "கழுவ" மட்டும் கூடாது. குழாயில் நிற்கும் கஞ்சியையும் சேர்த்து ரத்தத்துக்குள் அனுப்புகிற வேலை அது.

ஆஸ்பத்திரியில் என்றால் பெல்லை அடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108. என்ன போனது, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். சிரிஞ்சையும் மிச்சக் கஞ்சியையும் கொட்டிக் கழுவிவிடாதீர்கள், டாக்டர் பார்க்க வேண்டும். "ரெண்டு மி.லி.தானே, ஒண்ணும் ஆகலையே" என்று பயத்தில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டால் கூடிப்போனால் திட்டு விழும். மறைத்தால் இரவில் காய்ச்சல் ஏறும்போது டாக்டர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

## எந்தத் தலைப்புக்குப் போகும் முன்னும் ஓர் அரை நிமிஷம்

குழாயை உடம்பில் அது நுழையும் இடத்தில் பிடியுங்கள். மூக்கோ, வயிறோ. அங்கிருந்து இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் வாய் வரை வாருங்கள். விரல் எங்கே போய் நிற்கிறதோ அதில்தான் சிரிஞ்ச். கண்ணால் பார்த்து முடிவு செய்வதும், ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலிலிருந்து கீழே இறங்கி வருவதும் ஏமாற்றும். போர்வைக்கடியில் நான்கு குழாய்கள் பின்னிக்கிடக்கும்.

இந்தத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2006 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பாகவே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. ஷிப்ட் மாறும்போதும், நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றும்போதும் மறுபடி செய்யச் சொன்னது. என் கணக்கில் இன்னும் சில நேரங்கள் உண்டு: ஸ்கேனுக்குப் போய்த் திரும்பியதும், குளிப்பாட்டித் துணி மாற்றியதும், இரவு 2 மணிக்கு ஊட்டும்போதும். இரவில் லைட்டைப் போடுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். இதில் படித்தவர்களும் விழுகிறார்கள். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூபின் வாய் ஆரஞ்சாக இருந்தால் அது 16 சைஸ், பச்சை என்றால் 14. மூத்திரத்துக்குப் போடும் ஃபோலி குழாயிலும் ஆரஞ்சு 16, பச்சை 14. கையில் குத்தும் ஊசியில் பச்சை என்றால் 18 கேஜ். ஆக ஒரே கட்டிலில் மூன்று பச்சை இருக்கலாம், மூன்றும் மூன்று வழி. நிறம் சொல்வது சைஸை மட்டும்தான். ஊதா நிறத்தை ஊட்டும் சாமான்களுக்கென்று பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அது ஓரளவு உதவும், ஆனாலும் தடவிப் பார்த்த பிறகே.

## சிரிஞ்ச் குழாய் வாயில் உட்காரவில்லை, ஆடுகிறது

ஓர் இரவு எட்டு மணி வார்டு. பாட்டிக்குப் பக்கவாதம், மூக்கில் ரைல்ஸ் டியூப், கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் மருந்துக் குழாய். பேரன் தான் அட்டெண்டர், கல்லூரிப் பையன், பொறுப்பானவன். 50 மி.லி. சிரிஞ்ச் கீழே விழுந்து உடைந்துவிட்டது. மருந்துக் கடை வரை போவானேன் என்று, டிரேயில் கிடந்த 20 மி.லி. ஊசி சிரிஞ்சில் சத்துமாவுக் கஞ்சியை எடுத்திருக்கிறான். மூக்குக் குழாயின் வாய் அகலம், சிரிஞ்சின் மூக்கு சிறிசு. ஆடியது, கஞ்சி தலையணையில் வழிந்தது. தலையணை ஓரத்தில் கழுத்து லைனின் த்ரீ-வே, திருகி மூடித் திறக்கும் மூன்று வழி இணைப்பு, கிடந்தது, மூடி இல்லாமல். நான் அடுத்த கட்டிலில் பி.பி. பார்த்துவிட்டுத் திரும்பினால், இடது கையில் த்ரீ-வேயைத் தூக்கிப் பிடித்து வலது கையால் சிரிஞ்சைச் செருகிக்கொண்டிருக்கிறான். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவன் திடுக்கிட்டு, "சிஸ்டர், அதுல ஆடுது. இதுலதான் கரெக்டா உக்காருது" என்றான்.

த்ரீ-வேயின் திருகு மூடியிருந்தது, ஒரு சொட்டும் போகவில்லை. பிழைத்தது அதனால்தான். ஆனால் பையன் சொன்னதில் பொய்யில்லை. கரெக்டாக உட்காரத்தான் செய்யும். ஊசி, த்ரீ-வே, ஐ.வி. செட், கழுத்தில் துளையிட்டுப் போடும் மூச்சுக் குழாயான டிராக்கியோஸ்டமியின் பலூன், ஃபோலி பலூன் எல்லாவற்றிலும் இருப்பது லூயர் என்ற ஒரே அளவுக் கூம்பு. எதை எதோடு செருகினாலும் கச்சிதமாக உட்காரும். அதனால் "நன்றாகப் பொருந்துகிறது" என்பதைச் சரியான இடத்துக்கு அடையாளமாக எடுக்கவே கூடாது.

இனி உங்கள் சிரிஞ்ச்.

காரணம் 1: ஊசி சிரிஞ்ச் எடுத்திருக்கிறீர்கள். நுனி மெல்லிசாக, ஊசி மாட்டும்படி இருக்கிறதா? அதை வைத்துவிடுங்கள். ரைல்ஸ் டியூபுக்கு வேண்டியது நுனி நீளமாகத் தடித்திருக்கும் 50 மி.லி. சிரிஞ்ச். மருந்துக் கடையில் "ஃபீடிங் சிரிஞ்ச், கேத்தட்டர் டிப்" என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாக வாங்குங்கள், உடையும். 50 மி.லி. என்று மட்டும் கேட்டால் ஊசி நுனி உள்ளதையும் அதே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார்கள். பிரித்து நுனியைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

காரணம் 2: நுனி சரி, வாய் தளர்ந்திருக்கிறது. நாள்பட்ட குழாயில் புனல் வாய் விரிந்துபோகும். "ஒழுகுகிறது" தலைப்பைப் பாருங்கள்.

காரணம் 3: குழாயின் வாய் புது மாதிரி. திருகி மாட்டும் வாய், பெரும்பாலும் ஊதா. இது என்ஃபிட் வகை. லூயரோடு சேரவே கூடாது என்று 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 80369-3 தரப்படி செய்தது. நம்மூர் ரைல்ஸ் டியூப்களில் பெரும்பாலும் பழைய புனல் வாய்தான். வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் போடும் பெக் குழாய் கிட்களில் இந்தத் திருகு வாய் வருகிறது. இதற்கு என்ஃபிட் சிரிஞ்ச்தான் வாங்க வேண்டும், விலை கூடுதல். "அடாப்டர் போட்டால் பழைய சிரிஞ்சே போதும்" என்று கடையில் சொல்வார்கள். அவசரத்துக்கு ஒரு வேளை சரி. நிரந்தரமாக மாட்டிவிட்டால், தப்பாகச் சேராதபடி செய்த பூட்டை நாமே உடைத்த மாதிரி. இதில் நான் பிடிவாதக்காரி.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: சரியான சிரிஞ்சும் உட்காரவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஊட்டும் குழாயா என்பதே சந்தேகம். அழுத்திச் செருகாமல் போன் செய்யுங்கள்.

## குழாய்க்கு இரண்டு வாய், மூன்று வாய். எதில் ஊற்றுவது?

வயிற்றில் பெக் டியூப் உள்ளவர்களுக்கு வரும் கேள்வி. செலவில்லாத சோதனை: வாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் எழுத்தைப் படியுங்கள்.

பலூன் வாயில் ஒரு வால்வு இருக்கும், மூடி இருக்காது. பக்கத்தில் "பேல்" என்ற மூன்று ஆங்கில எழுத்தோ, எத்தனை மி.லி. என்ற எண்ணோ அச்சாகியிருக்கும். அது குழாய் வெளியே வராமல் வயிற்றுக்குள் பிடித்துவைக்கும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றுகிற வாய். இழுத்துத் திறக்கிற மூடி உள்ளதுதான் ஊட்டும் வாய். இன்னொரு சிறு மூடி இருந்தால் மருந்துக்கு.

பலூன் வாயில் ஊசி சிரிஞ்ச் கச்சிதமாக உட்காரும், ஊட்டும் வாயில் ஆடும். பாட்டியின் பேரன் கதையே இங்கும். ஒரு வீட்டில் பெக் டியூபுக்குப் பதிலாக ஃபோலி குழாயைத் தற்காலிகமாகப் போட்டனுப்பியிருந்தார்கள். நல்ல கைப்பக்குவம் உள்ள மருமகள், மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, வண்ண வால்வு உள்ள பக்கத்தில் விட்டிருக்கிறார். அதுதான் பார்க்க "வாய்" போல இருந்ததாம். பலூன் உப்பி மாமனாருக்கு வயிற்று வலி, மாத்திரைப் பொடி அடைத்துப் பலூன் சுருங்கவும் மறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் குழாயை மாற்றினார்கள்.

உடனே செய்யக்கூடியது: பலூன் வாயின் மேல் பிளாஸ்டர் சுற்றி, "தொடாதே" என்று மார்க்கரில் எழுதுங்கள். ஊட்டும் வாயின் மேல் "சாப்பாடு". வீட்டில் எல்லோரும் படிக்கும் மொழியில், தமிழில்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: பலூன் வாயில் எது போயிருந்தாலும், கொஞ்சமாகவே இருந்தாலும், நீங்களே இழுத்தெடுக்க வேண்டாம். குழாயும் சேர்ந்து வந்துவிடலாம். குழாய் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் வயிற்றுத் துளையின் வழி இன்னும் உறுதியாகியிருக்காது. வெளியே வந்த குழாயை வீட்டில் மறுபடி நுழைத்தால் வயிற்றுக்குள் வேறெங்கோ போய் நிற்கும். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

## ஒழுகுகிறது, அடிக்கடி கழன்றுவிடுகிறது

காரணம் 1: எண்ணெய்ப் பிசுக்கு. கஞ்சியில் நெய், தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், இரண்டும் குழாய் வாயில் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் வாயின் உள்ளும் புறமும் துடையுங்கள். சிரிஞ்சைக் கழுவி ஈரம் போக உலர்த்தி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே நின்றுவிடும்.

காரணம் 2: பக்கத்து மூடி திறந்திருக்கிறது. மருந்து வாயை மூட மறந்திருப்பீர்கள்.

காரணம் 3: உள்ளே அடைப்பு. போக வழியில்லாததால் இணைப்பில் பிதுங்குகிறது. "இறங்க மாட்டேன் என்கிறது" தலைப்பு.

காரணம் 4: வாய் விரிந்தது அல்லது கீறியது. ரைல்ஸ் டியூப் என்றால் குழாயையே மாற்ற வேண்டும், விலை குறைவுதான், ஆள் வந்து போடும் கூலிதான் செலவு. பெக் என்றால் சில மாடல்களில் வெளி வாயை மட்டும் மாற்றலாம். முழுக் குழாயையும் மாற்றக் கிளம்பும் முன் உங்கள் மாடலில் அது முடியுமா என்று கேளுங்கள்.

இணைப்பைச் சுற்றி ரப்பர் பேண்டு, நூல், பிளாஸ்டர் போட்டு இறுக்குவதை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். ஒழுகல் நிற்கும். ஆனால் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது பிளாஸ்டருக்குள் மறைந்துபோகும். அடுத்த ஷிப்ட் ஆள் தடவிப் பார்த்தால் கைக்குக் கிடைப்பது ஓர் உருண்டை.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒழுகுவது இணைப்பில் இல்லாமல் வயிற்றுத் துளையைச் சுற்றி என்றால், அதோடு தோல் சிவந்தோ வலித்தோ இருந்தால், துடைத்துக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

## சொட்டுச் சொட்டாக ஊட்டச் சொன்னார்கள், கையில் டிரிப் செட்தான் இருக்கிறது

நானே செய்த தப்பு இது, அதனால் நீட்டித்தான் எழுதப்போகிறேன். எங்கள் காலத்தில் ஊட்டும் பை எல்லாம் கண்ணில் பட்டதில்லை. காலியான குளுக்கோஸ் பாட்டிலின் அடியை வெட்டி, பாலை ஊற்றி, ஐ.வி. செட்டின் நுனியை மூக்குக் குழாய் வாயில் செருகிப் பிளாஸ்டர் சுற்றுவோம். கெட்டிக்காரத்தனம் என்று மெச்சிக்கொள்வோம். இன்றும் பல இடங்களில் நடக்கிறது.

விபரீதம் உடனே தெரியாது. ஸ்டாண்டில் இப்போது இரண்டு பாட்டில், இரண்டிலும் ஒரே செட், ஒரே சொட்டுக் குடுவை, ஒரே உருளை, ஒரே நுனி. அந்த நுனி பிறந்ததே கையில் உள்ள ஊசிக்குப் பொருந்தத்தான். நோயாளி புரளும்போது இரண்டும் கழன்று தரையில் விழுந்தால், எடுத்து மாட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரியாக மாட்டுவதும் தப்பாக மாட்டுவதும் பாதிக்குப் பாதி. 2009 ஜூலையில் ஸ்பெயினின் மாட்ரிட்டில், மூக்குக் குழாயில் போக வேண்டிய பால் ரத்தக் குழாயில் போனதில் பச்சிளங்குழந்தை ஒன்று இறந்தது, அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில்.

செலவில்லாத வழி: சொட்டாகத்தான் விட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு 200 மி.லி. அளவில், சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, சிரிஞ்சைப் புனலாகத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கவிடுவதே போதும். கை எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம். ஐ.வி. செட்டுக்கே வேலையில்லை.

கொஞ்சம் செலவு: ஊட்டும் பை, அதற்கென்றே உள்ள குழாயோடு. கடையில் "ஃபீடிங் பேக்" என்று கேளுங்கள். நுனி படிப்படியாகத் தடித்தோ திருகு வாயாகவோ இருக்கும், ஊசியில் ஏறாது. வாங்கியதும் ஏறாமல் இருக்கிறதா என்று நுனியைப் பாருங்கள்.

அதிகச் செலவு: ஃபீடிங் பம்ப். குடலுக்குள் குழாய் போட்டவர்களுக்கும் மெதுவாகவே தாங்குகிறவர்களுக்கும் டாக்டர் சொல்வார். வாடகைக்குக் கிடைக்கும். ஊசி மருந்துக்கு ஓடும் பம்பும் இதுவும் ஒரே ஸ்டாண்டில் வேண்டாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

பையின் மேல் கொட்டை எழுத்தில் "மூக்குக் குழாய்க்கு மட்டும், ஊசியில் ஏற்றாதே" என்று எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: வெள்ளையாகத் தொங்குவதெல்லாம் பால் இல்லை. சாப்பிடவே முடியாதவர்களுக்கு ரத்தக் குழாய் வழியாகவே ஏற்றும் சத்துக் கரைசலும், கொழுப்புச் சேர்வதால் பால் போலவே வெள்ளையாக இருக்கும். "பால் பையைத் தப்பா ஊசியில மாட்டிட்டாங்க" என்று நீங்களே கழற்றி மூக்குக் குழாயில் மாட்டிவிடாதீர்கள். சந்தேகம் என்றால் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சந்தேகப்பட்டதற்காக யாரும் கோபப்பட்டால், அது அவர்கள் தப்பு.

## சிரப், மாத்திரை கொடுக்கும்போது மட்டும் குழப்பம்

5 மி.லி. சிரப்பை 50 மி.லி. சிரிஞ்சில் அளக்க முடியாது, அதனால் எல்லோரும் 5 மி.லி. ஊசி சிரிஞ்சில் எடுக்கிறார்கள். எடுத்து மூடி வைத்துவிட்டால் அது சிரப்பா, நரம்பில் போடும் மருந்தா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதிகம் பயம் பொட்டாசியம் குளோரைடு சிரப்பைப் பற்றித்தான். வயிற்றுக்குப் போனால் மருந்து. அதே அளவை ரத்தக் குழாயில் சட்டென்று தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

வாய் மருந்துக்கென்று விற்கும், ஊசி மாட்ட முடியாத சிரிஞ்சை வாங்குங்கள். கிடைக்காத ஊரில் மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் அளந்து, கிண்ணத்தில் 20 மி.லி. தண்ணீரில் கலந்து, அதே பெரிய சிரிஞ்சைப் புனலாக்கி விட்டுவிடலாம். மருந்தை முன்கூட்டி எடுத்து டிரேயில் வரிசையாக அடுக்குவதை நிறுத்துங்கள். எடுத்த கை, அப்போதே கொடுக்க வேண்டும்.

மாத்திரையைக் கஞ்சியில் கலக்காதீர்கள். தனியே பொடித்து, தனியே கரைத்து, முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். தண்ணீர் குறைவாகக் கொடுக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு அந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு, மெதுவாகக் கரைகிற வகை. சீட்டைக் கடைக்காரரிடம் காட்டி "டியூப்ல போடலாமா" என்று கேட்டுவிட்டுப் பொடியுங்கள்.

## இறங்க மாட்டேன் என்கிறது

காரணம் 1: கிளிப் மூடியிருக்கிறது. சிரிக்காதீர்கள், அடிக்கடி அதுதான்.

காரணம் 2: கன்னத்துப் பிளாஸ்டருக்கடியிலோ தோளுக்கடியிலோ குழாய் மடிந்திருக்கிறது. தடவிப் பார்க்கும்போதே கையில் தட்டும்.

காரணம் 3: கஞ்சி கெட்டி. கேழ்வரகும் சத்துமாவும் ஆறினால் இறுகும். மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, வெதுவெதுப்பாக.

காரணம் 4: உள்ளே அடைத்திருக்கிறது. குழாய் வெளியே நழுவவில்லை, மூக்கருகே போட்ட அடையாளம் அதே இடத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகு, பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் 20 முதல் 30 மி.லி. மெல்லத் தள்ளி, மெல்ல இழுத்து, கால் மணி நேரம் விட்டு மறுபடியும். இரண்டு மூன்று தடவை. சின்ன சிரிஞ்சால் பலமாகத் தள்ளினால் அடைப்பு போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சிரிஞ்ச் சிறிதாக ஆக உள்ளே அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். கோலா, அன்னாசிச் சாறு, கம்பி எதுவும் வேண்டாம். கோலாவில் பால் இன்னும் திரியும்.

காரணம் 5: நீங்கள் ஊற்றுவது பலூன் வாய். மேலே பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று தடவைக்குப் பிறகும் அசையவில்லை, அல்லது தள்ளும்போது நோயாளி முகம் சுளிக்கிறார், இருமுகிறார்.

## ஊட்டும்போது இருமல், புரை ஏறுகிறது, குரல் கரகரக்கிறது

நிறுத்துங்கள். குழாயின் வாயை மூடி, தலைப் பக்கத்தை உயர்த்துங்கள். உதடு நீலம், மூச்சு வேகம் என்றால் 108, மற்றதெல்லாம் பிறகு.

நோயாளி தேறிக்கொண்டார் என்றால் பாருங்கள். படுத்த வாக்கில் ஊட்டினீர்களா? தலைப் பக்கம் 30 முதல் 45 டிகிரி தூக்கியிருக்க வேண்டும், ஊட்டி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. வேகமாகத் தள்ளினீர்களா? மூக்கருகே உள்ள அடையாளம் நகர்ந்திருக்கிறதா? ரைல்ஸ் டியூபில் 50, 60, 70 செ.மீ. இடங்களில் கோடு இருக்கும். போட்ட அன்றைக்கு எந்த இடத்தில் நின்றது என்று அளந்து காலண்டரில் எழுதி வைத்திருந்தால் இப்போது பயன்படும். இரண்டு விரல்கடை வெளியே வந்திருந்தாலும் உள்ளே தள்ளாதீர்கள். நுனி இப்போது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

சிரிஞ்சில் காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த சோதனை. நம்பாதீர்கள், குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். உறிஞ்சி வந்த திரவத்தை, அமிலத்தன்மை காட்டும் பி.ஹெச். தாளில் தொட்டு 5.5 அல்லது அதற்குக் கீழ் வந்தால் இரைப்பை என்று கொள்ளலாம். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எண் ஏறிக் காட்டும். எண் 5.5-க்கு மேல் வந்தாலோ, திரவமே வரவில்லை என்றாலோ எக்ஸ்ரேதான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: அடையாளம் நகர்ந்திருந்தாலே. இருமல் நின்றுவிட்டாலும், அன்றோ மறுநாளோ காய்ச்சல், சளி, மூச்சு வேகம் வந்தாலும்.

டிராக்கியோஸ்டமி உள்ளவர்களுக்கு ஒரு வரி கூடுதல். கழுத்தருகே தொங்கும் சின்ன நீலப் பலூனின் வாயிலும் ஊசி சிரிஞ்ச் கச்சிதமாக உட்காரும், மூக்குக் குழாயும் அங்கேயேதான் தொங்கும். மூக்குக் குழாயை ஒரு தோள் பக்கமும் பலூனை மறு தோள் பக்கமும் பிரித்து வையுங்கள்.

## எல்லாம் கழன்றுகிடக்கிறது, எது எதில் என்று தெரியவில்லை

நோயாளி இரவில் இழுத்துவிட்டிருப்பார், அல்லது படுக்கை மாற்றும்போது கழன்றிருக்கும். ஊசியிலிருந்து ரத்தம் வந்தால் அதன் மூடியைப் போடுங்கள், மூடி இல்லையென்றால் குழாயை விரலால் மடக்கிப் பிடியுங்கள். வீட்டார் செய்ய வேண்டியது அவ்வளவுதான். எதையும் எதோடும் மாட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர், வீட்டில் உங்களுக்குக் குழாய் போட்டவர் வரட்டும். தரையில் கிடந்த நுனியை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வரும் வரை ஒரு வேளைக் கஞ்சி தள்ளிப்போனால் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டாகிவிட்டது என்றால் மட்டும் கதை வேறு. போனில் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்: எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு. சொல்லிவிட்டு குளுக்கோமீட்டரை எடுத்துவந்து விரலில் ஒரு சொட்டுப் பாருங்கள்.